அண்ணன் சிப்பும் தம்பி சிப்பும் திண்டிவனமும்

விழுப்புரத்துக்கு யாரும் ஊர் பார்க்கப் போவதில்லை. அங்கே இறங்கி வேறு வண்டி பிடிக்கத்தான் போகிறார்கள். நானும் இத்தனை வருடம் அந்த ஜங்ஷனை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இந்தத் தடவை ஒரு மடிக்கணினி, இரண்டு ஸ்டார்ட்டர் பெட்டி, நாலு சேலையோடு விடிகாலையில் அங்கே இறங்கினேன். இறங்கியதும் ஒரு டீ. எங்கள் கோயம்புத்தூர் டீயைவிட இனிப்பு தூக்கல். சூடு போதவில்லை. திட்டிக்கொண்டே இன்னொன்றும் குடித்தேன்.

கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் நான் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மோட்டார் கொட்டகையில் ஒரு பெட்டி மாட்டுவோம். அதற்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். எங்கிருந்தாவது அந்த நம்பருக்குப் போன் போட்டால் மோட்டார் ஓடும். மறுபடி போட்டால் நிற்கும். போனை எடுத்துப் பேச அங்கே ஆள் கிடையாது. அழைப்பு வந்ததைக் குறித்துக்கொண்டு பெட்டியே துண்டித்துவிடும்.

அந்தப் பெட்டிக்கு மூளை ஒரு மொபைல் சிப். அதில்தான் வில்லங்கம். நாங்கள் வாங்கிக்கொண்டிருந்த சிப்பைத் தயாரிப்பாளர் நிறுத்திவிட்டார். அதற்குப் பதில் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. அளவும் அதே, இணைப்புக் கால்களும் அதே, பெயரில் கடைசி எழுத்து மட்டும் வேறு. ஆபீசில் பழையதை அண்ணன் என்றும் புதியதைத் தம்பி என்றும் சொல்வோம். தம்பிக்கு வேகம் அதிகம், ஞாபகம் இரண்டு மடங்கு. அண்ணன் போன் வேலை பார்க்கும்போது மோட்டாரைக் கவனிக்காது. தம்பி இரண்டையும் ஒரே நேரத்தில் கவனிக்கும், தானாகவே இன்னொருவருக்குப் போன் போடவும் செய்யும். அந்த வசதி யாருக்கு வேண்டும் என்று நாங்கள் அதை அணைத்தே வைத்திருந்தோம். எல்லாவற்றுக்கும் மேலே, தம்பி நன்றாகத் தூங்கும். வேலை இல்லாதபோது பேட்டரியைத் தொடவே தொடாது. கரண்ட் போனாலும் நாள்கணக்கில் தாங்கும். அண்ணன் சதா அரைத்தூக்கம்.

தம்பி வைத்த முதல் பெட்டிகள் திண்டிவனத்துக்குத்தான் போயின. புகாரும் அங்கிருந்துதான் வந்தது. மோட்டார் தானாக ஓடுகிறது, ஓடச் சொன்னால் ஓடுவதில்லை, ஒரு மோட்டாரில் கம்பிச்சுருள், அதாவது காயில், எரிந்தே போய்விட்டது என்று. அண்ணன் சிப்பின் கடைசி இருப்பு ஒரு வியாபாரியிடம் இருந்தது. அதை வாங்குவதா, தம்பியோடு போவதா என்று நான் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் என்று கேட்டு ஏறினேன். கண்டக்டர் விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் என் பக்கம் வந்து, "திண்டிவனம் ஊருக்குள்ள போவாதுங்க. மேம்பாலத்துல எறங்கிக்கோங்க" என்றார்.

"ஏனுங்க, இதை ஏறும்போதே சொல்றதில்லையா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்க."

அவர் மேல் தப்பில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் மேம்பாலத்துக்குக் கீழே பையோடு இறங்கி நின்றபோது அவரை மனதார வைதேன். எங்கள் ஊரில் பஸ் ஊருக்குள் வராமல் போனால் மறியலே நடந்துவிடும்.

கடைக்காரர் ஸ்ரீபால் என்னை அழைத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தார். அவர்தான் அந்தப் பக்கத்தில் எங்கள் பெட்டிகளை விற்கிறவர். போன் ஒரு முறை அடித்து நின்றது. அவர் நம்பர். திருப்பிப் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி ஒரு ரிங், கட். மறுபடி நான் போட்டேன். எடுக்கவில்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. நிமிர்ந்து பார்த்தால் சாலைக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க இப்படி ஒரு ரிங் விட்டுக் கட் பண்றீங்க? இப்பத்தான் எல்லா போனும் ஃப்ரீயாச்சே."

"வந்துட்டேன்னு சொன்னேன் மேடம். அதுக்கு எதுக்குப் பேசிக்கினு?"

அன்று பகல் முழுவதும் அவர் கடையில் இரண்டு பெட்டிகளையும் மேசைமேல் வைத்துச் சோதித்தேன். அண்ணன் பெட்டிக்குப் போன், தம்பி பெட்டிக்குப் போன். பெட்டி துண்டிக்கும்வரை காத்திருப்பேன், குறித்துக்கொள்வேன். எங்கள் விளக்கக் குறிப்பில் அப்படித்தான் போட்டிருக்கிறது. இரண்டுமே ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

பொழுது சாயும் முன்பே ஸ்ரீபால் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, "சாப்புட வாங்க மேடம்" என்றார். இந்த நேரத்தில் என்ன சாப்பாடு என்று யோசித்தேன். அவர்கள் செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது இறங்கினால் அடுப்பு கிடையாது. வெங்காயமும் கிழங்கும் இல்லாத சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், மல்லாட்டைத் துவையல். நிலக்கடலையை நாங்கள் கல்லக்காய் என்போம், அங்கே மல்லாட்டை. வெங்காயம் இல்லாத சாம்பாரை நான் நம்பி உட்காரவில்லை. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் எரிந்துபோன மோட்டாரைப் பற்றி அவர் ஆரம்பித்தார்.

"மேரின்னு ஒரு அம்மா. மயிலம் போற வழியில நெலம். விழுப்புரத்துல ஒரு ஆஸ்பத்திரியில ஆயா வேலை. தினம் ரயில்ல போய்க்கினு வந்துக்கினு இருக்கு. அதுக்குத்தான் இந்தப் பெட்டியே வச்சிக் குடுத்தேன். பெட்டி வச்ச கொஞ்ச நாள்ல காயில் போயிடுச்சு. கெணறு வத்தி, வெறும் மோட்டாரு ஓடி எரிஞ்சிருக்குது. அந்தம்மா நிறுத்திட்டேன்னு சத்தியம் பண்ணுது. வூட்டுக்காரரு நீதான் மறந்துட்டேன்னு சொல்றாரு. எனக்கு ஒரே பேஜாரு மேடம்."

மறுநாள் மேரிக்கு வார விடுமுறை. காலையில் வயலுக்குப் போனோம். நாற்பது வயது இருக்கும், என் வயதுதான். கழுத்தில் சின்னச் சிலுவை, காலில் ஆஸ்பத்திரி ரப்பர் செருப்பு. மல்லாட்டை பூத்து முடிந்து விழுது இறங்குகிற நேரம். மண் ஈரமாக இருந்தால்தான் விழுது மண்ணுக்குள் போய்க் காய் பிடிக்கும். புதுக் காயில் சுற்றி வந்த மோட்டாரை முந்தின நாள்தான் திரும்ப இறக்கியிருந்தார்கள். பாத்தி வெடித்துக் கிடந்தது.

"எங்க வூட்ல மொதமொதல்ல சொந்தமா வாங்கின நெலம் மேடம் இது. எங்கப்பா, எங்க தாத்தா எல்லாம் அடுத்தவங்க கொல்லியில கூலிக்குப் போனவங்க. இந்த வாரம் தண்ணி காட்டலன்னா மல்லாட்டை போச்சு. இன்னொரு தபா காயில் எரிஞ்சா, அவ்ளோதான், வித்துட்டுப் போயிடலாம்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிட்டாரு."

"அன்னைக்கு என்ன ஆச்சு?"

"காலையில போட்டேன். மத்தியானம் நிறுத்தினேன். சாயங்காலம் வந்து பார்த்தா பொகை வாடை. நான் மறக்கல மேடம். நான் எதையும் மறக்கற ஆளு இல்ல."

கடைசி வாக்கியத்தை அவர் என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. லாரி ஓட்டிக்கொண்டு எங்கோ போய்க்கொண்டிருந்த கணவனிடம் சொன்ன மாதிரி இருந்தது.

நான் என் போனை எடுத்து மேரியின் பெட்டிக்கு அழைத்தேன். காத்திருந்தேன். பெட்டி துண்டித்தது, மோட்டார் ஓடியது. கொஞ்சம் தண்ணீர் பாய்ந்ததும் மறுபடி அழைத்தேன். நின்றது. இடைவெளி விட்டுவிட்டுச் சாயங்காலம்வரை இதையே செய்தேன். சோதனை செய்கிறவள் நான் என்பதால் எல்லாப் போனையும் நானே போட்டேன். மேரியின் கையில் ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. குறை ஒன்றும் காணோம். எனக்கும் மேரி மறந்துதான் இருப்பார் என்று தோன்றத் தொடங்கியது. அதை அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஊர் திரும்புவதற்காகத் திண்டிவனத்தில் பாசஞ்சர் ஏறினேன். மேரி வேலைக்குப் போகிற வண்டியும் அதுதான். பெண்கள் பெட்டியில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். டிபன் டப்பாவைத் திறந்து கேப்பை அடையைப் பிட்டுக் கொடுத்தார். முருங்கைக்கீரை போட்டது. நாங்களும் ராகி அடை சுடுவோம், இவ்வளவு மெத்தென்று வராது. ரயில் சத்தத்தைத் தாண்டிப் பேச வேண்டியிருந்ததால் பேச்சு குறைவு. மயிலம் தாண்டியது. மேரி இடுப்பிலிருந்து போனை எடுத்தார். அழுத்தினார், காதருகே கொண்டுபோனார், ஒரு ரிங் கேட்டதும் கட் செய்து உள்ளே வைத்துவிட்டார். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

"யாருக்கு?"

"மோட்டாருக்குத்தான் மேடம். தண்ணி போட்டுட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான். ஒரு ரிங் போனா போதும். பேசவா போவுது அது? வார்டுல போன் எடுக்கவே கூடாது. பாத்ரூம் போற மாதிரி போய், ஒண்ணு வுட்டுட்டு வந்துடுவேன். எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க."

வாயில் அடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாளாக ஸ்ரீபால் என்னைப் பாடாய்ப் படுத்திய அதே ஒரு ரிங். அண்ணன் சிப்புக்கு அரைத்தூக்கம்தானே, ஒரு ரிங்கே போதும், விழித்துக்கொள்ளும். தம்பி ஆழ்ந்து தூங்குகிறது. விழித்து எழுவதற்குள் இவர்கள் கட் செய்துவிடுகிறார்கள். தயாரிப்பாளர் கொடுத்த ஒப்பீட்டில் தூக்கத்தைப் புகழ்ந்து முதல் வரியில் போட்டிருந்தது. விழிக்க எடுக்கும் நேரம் வேறு பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

ஸ்ரீபாலுக்குப் போன் செய்து, உடனே வயலுக்குப் போய் மோட்டார் ஓடுகிறதா பார்க்கச் சொன்னேன். மேரிக்கு முகம் சுருங்கியது.

"இன்னா மேடம்? மறுபடி எரியுதா?"

"இல்லைங்க. ஓடவே இல்லைன்னு நினைக்கிறேன்."

பேரணி தாண்டி, விக்கிரவாண்டி நெருங்கும்போது ஸ்ரீபாலிடமிருந்து அழைப்பு. ஒரு ரிங், கட். இப்போதுமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிப் போட்டேன்.

"ஓடல மேடம். ஜில்லுனு கெடக்குது."

"போனை வைக்காதீங்க. மேரி, இப்ப இன்னொண்ணு போடுங்க. கட் பண்ணாதீங்க, அடிக்கட்டும்."

மேரி போட்டார். கொஞ்ச நேரம் அடித்தது. ஸ்ரீபால் அந்தப் பக்கம், "ஓடுது மேடம், ஓடுது" என்றார். பின்னால் தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் எனக்கே கேட்டது.

"மேரி, அந்த எரிஞ்ச நாள் மத்தியானம், நிறுத்தறதுக்குப் போட்டீங்களே, அப்பவும் ஒரு ரிங்தானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் டிபன் டப்பாவை மூடி வைத்தார். "அன்னிக்கு சிஸ்டர் வந்துட்டாங்க மேடம். கட் பண்றதுக்குள்ள வந்துட்டாங்க. அப்படியே அடிக்கிற போனைப் பாக்கெட்ல போட்டுக்கினேன்."

அதுதான். காலையில் போட்ட ஒரு ரிங் தம்பி தூங்கியதில் தொலைந்துபோயிற்று, மோட்டார் ஓடவில்லை. மத்தியானம் பாக்கெட்டில் கிடந்து அடித்த போன் தம்பியை எழுப்பிவிட்டது. நிற்கச் சொல்லிப் போட்ட போனில் மோட்டார் ஓட ஆரம்பித்திருக்கிறது. கிணறு வற்றும்வரை ஓடி, வற்றிய பிறகும் ஓடியிருக்கிறது. எங்கள் சின்ன மாடலில் தண்ணீர் வற்றினால் நிறுத்துகிற வசதி கிடையாது. ஓடியது, நின்றது என்று பெட்டி அனுப்பும் குறுஞ்செய்தி லோன் விளம்பரங்களுக்கு அடியில் போய்விடும், யார் பார்க்கிறார்கள்?

இதை மெதுவாக இரண்டு தடவை விளக்கினேன். முதல் தடவையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டாம் தடவை சும்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் மறக்கல."

"நீங்க மறக்கலை."

"அக்கா, இதை எங்க வூட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க." மேடம் அக்காவானது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த முறை போன் நீளமாக அடித்தது. கணவர் எடுத்ததும் மேரி போனை என் கையில் கொடுத்தார். நான் யார் என்று சொல்லிவிட்டு, "உங்க வீட்டம்மா மேல தப்பில்லைங்க. எங்க பெட்டி மேலதான் தப்பு" என்றேன். லாரி ஓரங்கட்டி நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அதுகிட்ட குடுங்க மேடம்" என்றார். மேரி போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில், "சரி, பார்த்து ஓட்டு" என்று மட்டும் சொன்னார்.  அவர் மறந்திருப்பார் என்று நேற்று வயலில் நினைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

மோட்டாரைக் கையாலேயே நிறுத்தச் சொல்லி ஸ்ரீபாலிடம் சொல்லிவிட்டு, விழுப்புரத்தில் மேரியை வேலைக்கு அனுப்பினேன். ஊர் டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்றிக்கொண்டு மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"அவ்வளவுதானே? பெட்டி கட் பண்ற வரைக்கும் அடிக்க விடுங்கன்னு ஒரு நோட்டீஸ் அடிச்சு ஒட்டிரலாமுங்."

"சார், அந்தம்மா ஆஸ்பத்திரியில ஒளிஞ்சு நின்னு போன் போடுது. நம்ம சிப்பு முழிச்சுக்கற வரைக்கும் அது அங்க நிக்கணுமா? நோட்டீஸ் அடிச்சா ஊரே மாறிருமா?"

"அப்ப அண்ணனையே வாங்கிரலாம்ங்கறீங்களா?"

"நாளைக்குச் சொல்றேன்."

திரும்பவும் திண்டிவனம் பஸ். இந்தத் தடவை ஏறும்போதே கேட்டேன். "ஊருக்குள்ள போவும்" என்றார் கண்டக்டர். மேம்பாலத்திலேயே இறக்கிவிட்டார். ஊருக்குள் டிராபிக்காம். ஒரு ரிங் விட்டுக் கட் செய்தேன். ஸ்ரீபால் ஸ்கூட்டரோடு வந்துவிட்டார்.

மோட்டார் கொட்டகையில் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்தேன். தம்பியின் ஆழ்ந்த தூக்கத்தை அணைத்தேன். இனி அதற்கும் அண்ணனைப் போல அரைத்தூக்கம்தான். பேட்டரி முன்போல நாள்கணக்கில் தாங்காது, போகட்டும். பிறகு நாங்கள் வேண்டாம் என்று அணைத்து வைத்திருந்த வசதியைத் திறந்தேன். மோட்டார் ஓட ஆரம்பித்தால் பெட்டியே மேரிக்கு ஒரு ரிங் விட்டுக் கட் செய்யும். நின்றால் இரண்டு ரிங். அண்ணனால் இது முடியாது. குறுஞ்செய்தியை யாரும் படிப்பதில்லை, ரிங்கை எல்லோரும் எண்ணுகிறார்கள். மறுநாள் ஒரு நாளைக்கு மட்டும் என் நம்பரையும் அதில் சேர்த்தேன்.

"இது இன்னா மேடம், எங்க ஊரு பாஷையை அதுக்கும் கத்துக் குடுத்துட்டீங்க" என்றார் ஸ்ரீபால். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போக வேண்டுமே என்று அவருக்கு அவசரம். நானும் பசியோடுதான் இருந்தேன்.

நாலாம் நாள் காலை ஊர் திரும்ப விழுப்புரம் வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் போன் ஒரு முறை அடித்து நின்றது. மேரியின் பெட்டி. மோட்டார் ஓடுகிறது. ஓடுவது பெரிதில்லை, நிற்க வேண்டும். அந்தக் கிணற்றில் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் நிற்காது என்று ஸ்ரீபால் சொல்லியிருந்தார். நான்காவது இட்லி இறங்கவில்லை.

பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து போனை மடியிலேயே வைத்துக்கொண்டேன். வெயில் ஏறியது. போன் அடித்தது, பாய்ந்து பார்த்தால் மேனேஜர். ஒரே ரிங்கில் கட் செய்தேன். லைன் அடைத்துக்கொண்டிருக்கக் கூடாது. வார்டில் வேலை அதிகமோ, சிஸ்டர் பக்கத்திலேயே நிற்கிறாரோ, மேரி இன்னும் போடவில்லையோ, போட்டும் பெட்டி கேட்கவில்லையோ. என் வண்டி வருகிறது என்று அறிவித்தார்கள். எழுந்து பையை எடுத்தேன். போன் அடித்தது. ஒன்று. இரண்டு. நின்றது.

வண்டியில் ஏறி இடம் பிடித்த பிறகு மேனேஜரைக் கூப்பிட்டு, "தம்பியே போதும் சார். தூங்க மட்டும் விடக்கூடாது" என்றேன். மற்றதை வந்து எழுதிக்கொடுப்பதாகச் சொல்லி வைத்தேன்.

வண்டி நகர்ந்தது. போன் மறுபடி ஒரு முறை அடித்து நின்றது. இந்தத் தடவை பெட்டி இல்லை, மேரி. திருப்பிப் போட விரல் போயிற்று. எதற்குப் பேசிக்கொண்டு என்று தோன்றியது. நானும் ஒரு ரிங் விட்டுக் கட் செய்தேன்.